வாங்குபவர் மீது வழக்கா, யார் மீதும் வழக்கு இல்லையா: சுவீடனும் நியூசிலாந்தும்

பாலியல் தொழிலை ஏற்பதா என்ற கேள்விக்கு இந்த இரண்டு நாடுகளும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கின்றன. சுவீடனில் 1999 முதல் விற்பவர் மீது வழக்கு இல்லை, காசு கொடுப்பவர் மீதுதான். காசு கொடுத்து உடலுறவு வாங்குவது பெண்கள் மீதான வன்முறை என்பது அந்த நாட்டின் வாதம். நோக்கம் நல்லதுதான். ஆனால் வாடகை வீட்டில் தொழில் நடப்பது தெரிந்தும் உரிமையாளர் சும்மா இருந்தால் அவரும் வழக்கில் மாட்டலாம். அதனால் காலி செய்யச் சொல்லிவிடுவார். காப்பாற்ற வந்த சட்டம் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தலாமா?

நியூசிலாந்து 2003-இல் தொழிலையே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நாடாளுமன்றத்தில் 60-க்கு 59, ஒரே ஓட்டு வித்தியாசம். நான்கு பேர் வரை சேர்ந்து, உரிமம் இல்லாமல் சொந்தமாக வேலை செய்யலாம். எந்த வாடிக்கையாளரையும் மறுக்கலாம். அப்புறம் 2014-இல், தனக்குப் பாலியல் தொல்லை கொடுத்த பாலியல் தொழில் விடுதி நடத்துநர் மீது அங்கே வேலை செய்த ஒரு பெண் புகார் கொடுத்து 25,000 டாலர் இழப்பீடு பெற்றார். மற்ற தொழிலாளிகளுக்கு உள்ள அதே நீதி அவருக்கும்! எனக்கு இந்த வழிதான் சரி என்று படுகிறது. குறையும் உண்டு: தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இந்தத் தொழில் தடை. அடி வாங்கினாலும் அவர்கள் போலீசிடம் போகப் பயப்படுகிறார்கள்.