ரிலீஸ் திறந்தது, கைட் அடங்கவில்லை: ரூ.74,000 போச்சு

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். கைட்சர்ஃபிங் (பெரிய பட்டம், அதாவது கைட், இழுக்க இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்குகிற விளையாட்டு) சாமான்களை வாடகைக்கு விட்டு, சீசன் முடிந்ததும் அதையே "யூஸ்டு" என்று விற்கிற கடற்கரைக் கடை ஒன்றில் 7 சதுர மீட்டர் கைட், பார் (கையில் பிடித்து ஓட்டுகிற தண்டு), நாலு லைன் (கைட்டையும் பாரையும் இணைக்கும் கயிறு), பம்ப் எல்லாம் சேர்த்து ரூ.74,000 கொடுத்தேன். பணம் போனது ஒரு பக்கம். என்ன சொல்லி விற்றார்கள் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. "பலமான காத்துக்குன்னே உள்ள செட்டுண்ணே, 30 நாட் காத்துக்கும் தாங்கும், பயமில்லாம இறங்கலாம்."

30 நாட் (knot, காற்று வேகத்தின் அளவு) என்றால் என்ன என்று அந்த வாய்க்குத் தெரியுமா? தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் மன்னார் வளைகுடாவுக்கு வானிலை மையம் எச்சரிக்கை விடுகிறதே: மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக்காற்று, மீனவர்கள் செல்ல வேண்டாம். அதை நாட்டுக்கு மாற்றினால் 24 முதல் 30, இடையிடையே 35. அந்தக் காற்றுக்குத்தான் இந்தச் செட்டை என் தலையில் கட்டினார்கள்.

காற்றின் இழுவை வேகத்தோடு நேராக ஏறாது, வேகத்தின் வர்க்கமாக ஏறும். 20 நாட்டில் இழுக்கிற கைட் 30 நாட்டில் இரண்டேகால் மடங்கு இழுக்கும். 25-ல் ஓடிக்கொண்டிருக்கும்போது 35-ல் ஒரு வீச்சு (திடீர்க் காற்றடி) வந்தால் இழுவை அந்த நொடியிலேயே ஏறத்தாழ இரட்டிப்பு. பொதுவாக எல்லோரும் போடுகிற கணக்கு: உடல் எடையை 2.2-ஆல் பெருக்கி, காற்றின் நாட்டால் வகுத்தால் கைட்டின் அளவு சதுர மீட்டரில். 75 கிலோ ஆளுக்கு 25 நாட்டில் 6.6, 30-ல் 5.5. அப்படியென்றால் 30 நாட்டுக்கு என்று எனக்குத் தந்த 7 சதுர மீட்டரே பெரிசு. சராசரியை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது, வீச்சை வைத்துப் போட வேண்டும். இதைக் கடையிலேயே சொன்னேன். "டிரிம்மை இழுத்துக்கிட்டா 9 மாதிரியும் ஓடும் 5 மாதிரியும் ஓடும்ணே" என்றார் கடைக்காரர். டிரிம் என்கிற அந்தப் பட்டையை இழுத்தால் கைட் காற்றைப் பிடிக்கிற கோணம் குறையும், அதன் பரப்பு குறையாது. அது அவருக்கும் தெரியும்.

உடனே போனை எடுத்துக் கேப்டவுன் போட்டி வீடியோ ஒன்றைக் காட்டினார். ப்ளௌபெர்க் கடற்கரையில் 35, 40 நாட்டில் 8, 9 சதுர மீட்டர் கைட்டோடு அவர்கள் எழும்புகிறார்களாம், நாம் 7-க்குப் பயப்படுகிறோமாம். அந்தப் போட்டிகளில் மீட்புக்கென்று ஜெட் ஸ்கீ தண்ணீரிலேயே நிற்கும், கரையில் மருத்துவக் குழு இருக்கும், இறங்குகிறவர்கள் அதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். பாம்பன் பக்கம் நிலைமை நேர்மாறு. காற்று மிரட்டுகிற நாளில்தான் ஒரு ஃபைபர் படகுகூடக் கடலில் இருக்காது, எச்சரிக்கை வந்ததும் எல்லாம் கரையேறியிருக்கும். சோளகம் (தெற்குப் பக்கக் காற்று) அடிக்கும்போது பாம்பன் தீவின் வடகரையில் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். அங்கே கைட் விழுந்தால் பாக் விரிகுடாவில் எல்லைப் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான், தேடி வர ஆளில்லை.

அதனால்தான் பலத்த காற்றில் இறங்கலாமா என்ற யோசனை கடைசியில் பாரில் இருக்கிற ஒரு சின்னப் பிடியில் வந்து முடிகிறது: குயிக் ரிலீஸ், ஆபத்தில் ஆளைக் கைட்டின் இழுவையிலிருந்து விடுவிக்கிற பிடி. மற்றதெல்லாம் தவறலாம், அது தவறக் கூடாது. பாரை விட்டால் பெருமளவு இழுவை போகும். ரிலீஸைத் தள்ளினால் சிக்கன் லூப் (இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டுகிற வளையம்) கொக்கியை விட்டுக் கழன்று, பார் ஒரே ஒரு ஃப்ரன்ட் லைன் (கைட்டின் முன்பக்கக் கயிறு) வழியாக மேலே ஓடி, கைட் கொடித்துணி மாதிரி படபடத்துக்கொண்டு சாகும். அதற்கும் அடங்காவிட்டால் லீஷையும் (ஆளைக் கைட்டோடு கடைசியாகப் பிணைத்திருக்கும் வார்) கழற்றிக் கைட்டை விட்டுவிடலாம். இந்த மூன்று படியும் வேலை செய்யும் என்றால்தான் 25-க்கு மேல் யோசிக்கவே வேண்டும்.

நான் நம்பிய இடமும் அதுதான். கடைப் பையன் சிக்கன் லூப்பை விரலில் மாட்டி, ரிலீஸைத் தள்ளினான். டக். மறுபடி மாட்டினான். டக். "பாத்தீங்களாண்ணே, வெண்ணெய் மாதிரி." கைட்டுக்குக் காற்றடித்து, அவனே ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) மாட்டி, கரையோரம் கொஞ்ச நேரம் பறக்கவிட்டுக் காட்டினான். "எங்க ஸ்கூல்ல நான் ஓட்டுற பாருண்ணே இது." தான் ஓட்டுகிறதைத் தருகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? ஜிபேயில் ரூ.74,000 அனுப்பினேன். பில்லுக்குப் பதில் ஒரு துண்டுச்சீட்டு.

எந்தப் பாரை வாங்கினாலும் முதலில் இளங்காற்றில், இடுப்பளவுத் தண்ணீரில், காற்றுப் போகும் பக்கம் காலியாக இருக்கும் இடத்தில் ரிலீஸை அடித்துப் பார்க்க வேண்டும். 15 நாட்டில் அடித்தேன். லூப் திறந்தது. பார் ஒரு மீட்டர் மேலே ஓடி அப்படியே நின்றுவிட்டது. கைட் அடங்கவில்லை, பாதி இழுவையோடு தண்ணீரில் அடித்து எழும்பிச் சுற்றிக்கொண்டே இருந்தது. லீஷைக் கழற்றிய பிறகுதான் விட்டது. 15-ல் இந்தக் கூத்து. 30-ல் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் விஷயம் வெளியே வந்தது. பாதுகாப்புக்கு இருக்கிற அந்த ஃப்ரன்ட் லைன் பாருக்கு ஒரு மீட்டர் மேலே எப்போதோ அறுந்திருக்கிறது. புது லைன் போடாமல் முடிச்சுப் போட்டு, மேலே கருப்புப் பிளாஸ்டிக் குழாய் சுற்றிச் சூடு காட்டி ஒட்டியிருக்கிறார்கள். பார்த்தால் கம்பெனி உறை மாதிரியே இருக்கும். பிளேடால் கீறினால் உள்ளே கடலைப் பருமன் முடிச்சு, உப்புப் பூத்துக் கல்லாகிக் கிடக்கிறது. பாரின் நடுத்துளையில் அந்த முடிச்சு நுழையாது. 7 சதுர மீட்டர் கைட் முழுதாக அடங்க, பார் குறைந்தது கைட்டின் அகலத்துக்காவது, 5, 6 மீட்டர் தடையில்லாமல் ஓட வேண்டும். இங்கே ஒரு மீட்டர்! போதாக்குறைக்கு டைனீமா (லைன் செய்கிற செயற்கை நார்) லைனில் முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். விரலில் மாட்டி 'டக்' காட்டியபோது அவன் காட்டியது லூப் திறப்பதை மட்டும்தான். பார் ஓடுகிறதா என்பதை அவன் காட்டவே இல்லை, பறக்கவிட்டுக் காட்டியபோதும் ரிலீஸை அடிக்கவில்லை.

இன்னொன்று. நாலு லைனின் நுனியையும் ஒரே ஆணியில் மாட்டிப் பாரை இழுத்துப் பிடித்தேன். ஃப்ரன்ட் லைன் இரண்டும் பேக் லைனைவிட (பின்பக்கக் கயிறு) 9 செ.மீ. நீளம். வாடகைக்கு ஓடி ஓடி ஃப்ரன்ட் லைன் இழுபட்டுவிட்டது, பாரம் அதிகம் அதில்தானே. இதன் விளைவு: பாரை முழுக்க மேலே தள்ளினாலும் பேக் லைன் இறுக்கிக்கொண்டே இருக்கும், இழுவை போக வேண்டிய அளவு போகாது. அதாவது முதல் படியும் அரைகுறை, இரண்டாவது படி இல்லவே இல்லை. டிரிம்மை இழுத்தால் 5 மாதிரி ஓடுமாம்!

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதல் போனில், "மணல் புகுந்திருக்கும்ணே, நல்ல தண்ணில அலசுங்க." முடிச்சுப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. மறுநாள், "அது முடிச்சு இல்லண்ணே, ஸ்டாப்பர்." வேண்டுமென்றே வைத்த தடுப்பாம். ஸ்டாப்பர் எங்கே இருக்கும், எதற்கு இருக்கும் என்று எழுதி அனுப்பியதும், "ஓனர் கோவா போயிருக்கார்." ஓனர் வந்ததும், "யூஸ்டு ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது சார், வாங்கும்போது நீங்கதான் பாத்து வாங்கணும்." அதற்கப்புறம் ஒரு உபகாரம்: புது லைன் செட் போட்டுத் தருகிறார்களாம், 11,000 ஆகுமாம். ரூ.74,000 வாங்கியவர்கள் அறுந்த லைனை மாற்ற என்னிடமே 11,000 கேட்கிறார்கள். கடைசியாக, "நீங்க காத்து அதிகமுள்ள நாள்ல இறங்கியிருப்பீங்க, அதுக்கு நாங்க பொறுப்பில்ல." 30 நாட்டுக்குத் தாங்கும் என்று விற்ற அதே வாய். இப்போது நம்பர் பிளாக்.

அந்தப் பார் இன்னும் எத்தனை பேருக்கு வாடகைக்குப் போயிருக்கும்? கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் இடுப்பில் மாட்டியிருப்பார்கள். இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

விவரமாக ஒரு வழிகாட்டியே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும்:

ரிலீஸை விரலில் வைத்துக் காட்டினால் நம்பாதீர்கள். லைனைக் கம்பத்தில் மாட்டி, ஹார்னஸ் போட்டு, முழு எடையோடு பின்னால் சாய்ந்து தள்ளிப் பாருங்கள், கீழே மணல் இருக்கட்டும். திறந்த பிறகு பாரைக் கையால் பிடித்து அந்த ஒற்றை லைன் வழியே 6 மீட்டர் நகர்த்துங்கள். எங்கே சிக்கினாலும் வேண்டாம். உறை சுற்றிய இடத்தை எல்லாம் நெரித்துப் பாருங்கள்.

ரிலீஸ்களுக்கு ISO 21853 என்ற தரநிலை 2020-ல் வந்தது. பார் அதற்குப் பிந்தையதா, கையேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். "2021 மாடல்" என்று வாயால் சொன்னால் போதாது, எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். லேபிளைத் தையலோடு பிரித்தெடுத்த தடம் இருக்கிறது.

பிளாடரில் (கைட்டுக்குள் காற்றுப் பிடிக்கிற பை) 7 பிஎஸ்ஐ காற்றடித்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், காலையிலும் கல்லு மாதிரி இருக்க வேண்டும். சின்னக் கைட்டில் லீடிங் எட்ஜ் (காற்றடித்த முன் விளிம்பு) தொய்ந்தால் வீச்சு வரும்போது மடங்கி விழும்.

25-க்கு மேல் இறங்குவதென்றால், காற்றுப் போகும் பக்கம் 100 மீட்டருக்குப் பனை, கரண்ட் கம்பி, வலை, படகு எதுவும் இருக்கக் கூடாது. கரையில் நின்றபடி கைட்டைத் தலைக்கு நேர் மேலே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள், ஒரு வீச்சு போதும் ஆளைத் தூக்க. ஹெல்மெட், லைன் அறுக்கும் கத்தி, கரையில் ஒரு ஆள். மீனவர்கள் போக வேண்டாம் என்று சொன்ன நாளில் நமக்கும் அதேதான்.

ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸப், முடிச்சுப் படம் எல்லாம் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். கடைப் பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம், புகார் நடக்கும்வரை சொல்ல மாட்டேன். இதே மாதிரி கருப்புக் குழாய் சுற்றின பார் உங்களிடம் இருந்தால், இன்றைக்கே கீறிப் பாருங்கள்.