இஸ்தான்புல்லில் குடியேற: பழைய மஹல்லேயா, மதில் சூழ்ந்த சித்தேயா?

வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு இஸ்தான்புல்லுக்குச் செல்பவர்கள் ஐரோப்பியக் கரையில் தங்குவதா, ஆசியக் கரையில் தங்குவதா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அன்றாட வாழ்வை அதைவிடப் பெரிதும் தீர்மானிக்கும் தேர்வு வேறொன்று. காடிக்கோய், குஸ்குன்ஜுக் போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளில் ஐந்தாறு மாடிக் கட்டடம் ஒன்றில் வீடு பிடிக்கலாம். அல்லது அத்தாஷெஹிர், பஷாக்ஷெஹிர், பெய்லிக்டூசு பக்கம் மதிலும் காவலும் நீச்சல்குளமுமாக எழுந்து நிற்கும் வளாகங்களில் குடியேறலாம். முன்னது மஹல்லே, பின்னது சித்தே. இரண்டிலும் துருக்கியரே பெரும்பான்மையாக வசிக்கிறார்கள் என்றாலும், அவர்களோடு பழகும் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றுபோல் அமைவதில்லை.

பழைய மஹல்லேக் கட்டடத்தின் மையப் பாத்திரம் கப்பிஜி எனப்படும் கட்டடப் பணியாளர். தரைத்தளத்திலோ அதற்கும் கீழேயோ உள்ள சிறு வீட்டில் குடும்பத்தோடு வசிக்கும் அவர், காலையில் வீட்டுக் கதவின் கைப்பிடியில் ரொட்டிப் பையை மாட்டிவிட்டுப் போவார், மாலையில் வாசலில் வைத்த குப்பையை எடுத்துச் செல்வார், மாடிப்படியைக் கழுவுவார். தெருமுனையில் இருக்கும் பக்கால் எனப்படும் மளிகைக்கடைக்காரர், நம்பிக்கை ஏற்பட்ட பின் கடன் நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார். மூன்றாம் மாடியில் இருக்கும் பாட்டி சன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்க, கடைப் பையன் பாலும் முட்டையும் வைத்து அனுப்பும் காட்சியைப் பல தெருக்களில் இன்றும் காணலாம். வாரத்தில் ஒரு நாள் கூடும் சந்தையில் கீரையும் தக்காளியும் ஆலிவும் பேரங்காடியைவிடப் புதிதாகக் கிடைக்கும். காடிக்கோயின் செவ்வாய்ச் சந்தை நகர் முழுதும் பெயர் பெற்றது. கடைக்காரரை ‘அபி’ என்றும், பக்கத்து வீட்டு மூதாட்டியை ‘தெய்ஸே’ என்றும் அழைக்காமல் அங்கே காலம் தள்ள முடியாது. அண்ணன், அத்தை என்று முன்பின் அறியாதவரையும் அழைத்துப் பழகிய தமிழருக்கு இது சிரமமாக இராது.

சித்தேயில் இந்த வேலைகள் எல்லாம் நடக்கின்றன. செய்பவரின் முகம்தான் தெரிவதில்லை. துப்புரவை ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. கூரியர் பொட்டலம் வாயில் காவலரிடம் காத்திருக்கும். விருந்தாளி வந்தால் காவலர் தொலைபேசியில் கேட்டுவிட்டே உள்ளே விடுவார். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும். கார் நிறுத்த இடம் உண்டு. குழந்தைகள் போக்குவரத்துப் பயமின்றி ஓடியாடலாம். மொழி தெரியாத முதல் ஆறு மாதங்களில் இவை சிறிய வசதிகள் அல்ல. ஆனால் மின்தூக்கியில் புன்னகையோடு சொல்லும் வணக்கத்துக்கு மேல் பேச்சு வளர்வது அரிது.

வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது பண்டிகைக் காலத்தில்தான். முஹர்ரம் பத்தாம் நாளையொட்டிக் கோதுமை, கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், உலர்ந்த அத்தி, ஆப்ரிகாட் ஆகியவற்றைச் சேர்த்துப் பெரிய பானையில் அஷூரே என்னும் இனிப்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். மேலே மாதுளை முத்தும் வால்நட்டும் தூவிய கிண்ணங்கள் கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது முறையன்று. நம் வீட்டுக் கேசரியையோ சுண்டலையோ வைத்துக் கொடுத்தால், அடுத்த வாரம் தேநீருக்கு அழைப்பு வரும் என்று எதிர்பார்க்கலாம். ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன் டவுல் மேளக்காரர் தெருவில் அடித்துக்கொண்டு போவார். மாத இறுதிக்குள் வீடுவீடாக வந்து அன்பளிப்பும் கேட்பார். பெருநாள் காலையில் பிள்ளைகள் மிட்டாய்க்காகக் கதவைத் தட்டுவார்கள். வரும் பெரியவர்களின் உள்ளங்கையில் எலுமிச்சை மணம் கொண்ட கொலோன்யா என்னும் வாசனைத் திரவத்தை ஊற்றி இனிப்பை நீட்ட வேண்டும். சித்தேக்களில் பிள்ளைகள் தங்கள் தொகுதிக்குள் மட்டும் சுற்றுவது வழக்கம். மேளக்காரர் வாயிலோடு நின்றுவிடுவார். அதிகாலைத் தூக்கத்தைப் பெரிதாக மதிப்பவர்கள் இந்தக் கடைசி அம்சத்தைச் சித்தேயின் பக்கம் எழுதிக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் காலணியோடு நுழையாத பழக்கம் இரண்டிலும் உண்டு. பழைய கட்டடங்களில் கதவுக்கு வெளியே படியோரம் காலணிகள் வரிசையாகக் கிடக்கும். பல சித்தேக்களில் நடைவழியில் காலணி வைப்பதை நிர்வாகம் தடைசெய்து சுற்றறிக்கை ஒட்டியிருக்கும். மஹல்லேயின் விதிகள் எழுதப்படாதவை, சித்தேயின் விதிகள் அறிவிப்புப் பலகையில் தொங்குபவை என்பதை இந்த ஒன்றிலேயே கண்டுகொள்ளலாம். எழுதப்படாத விதிகளுக்கு ஒரு விலையும் உண்டு. யார் வந்தார், எப்போது போனார் என்பதை எதிர் சன்னல் அறிந்தே இருக்கும். தனியாக வசிக்கும் பெண்ணுக்கு இந்தக் கண்காணிப்பு சில நேரம் பாதுகாப்பாகவும் சில நேரம் பெருந்தொல்லையாகவும் அமையும். சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை என்ற கேள்விகள் நம் ஊர்களில் போலவே அங்கும் இயல்பாக வந்து விழும்.

செலவுக் கணக்கில் வாடகையை மட்டும் பார்ப்பது போதாது. அய்தாத் எனப்படும் மாதப் பராமரிப்புக் கட்டணம் சித்தேயில் கணிசமானது. நீச்சல்குளத்தில் ஒருநாளும் இறங்காதவரும் அதற்குப் பங்கு செலுத்தியாக வேண்டும். அடுக்குமாடி உரிமை குறித்த 1965ஆம் ஆண்டின் 634ஆம் எண் சட்டப்படி, தாமதமாகும் கட்டணத்துக்கு மாதம் 5 விழுக்காடு சேரும். வாடகைக்குக் குடியிருப்பவரிடமும் அதைக் கேட்கலாம். துப்புரவு, காவல் போன்ற நடப்புச் செலவைக் குடியிருப்பவரும், மின்தூக்கியை மாற்றுவது போன்ற பெருஞ்செலவை உரிமையாளரும் ஏற்பதே நடைமுறை. ஒப்பந்தத்தில் இதை எழுதிக்கொள்வது நல்லது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பது இரண்டு இடங்களுக்கும் பொருந்தும் சட்டம்.

இதுவரை சொன்னவற்றில் மஹல்லேயின் பக்கமே தராசு சாய்வது போலத் தோன்றும். அதை மறுபக்கம் இழுப்பது நிலநடுக்கம். 1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில் மர்மரா பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 17,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மையத்திலிருந்து தொலைவில் இருந்த இஸ்தான்புல்லின் அவ்ஜிலரிலும் கட்டடங்கள் சரிந்தன. வட அனத்தோலிய நிலப்பிளவு மர்மராக் கடலடியில் நகருக்கு அருகிலேயே ஓடுகிறது. தென்கிழக்குத் துருக்கியை உலுக்கிய 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கங்களுக்குப் பிறகு வீடு பார்க்கச் செல்லும் துருக்கியர் முதலில் கேட்பது கட்டடத்தின் வயதைத்தான். கட்டட விதிகளும் மேற்பார்வையும் 1999க்குப் பின் இறுக்கப்பட்டதால், 2000க்கு முன் கட்டியது என்றாலே பலர் திரும்பிவிடுகிறார்கள். சித்தேக்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவை. மஹல்லேயின் அழகான பழைய கட்டடங்களில் பல அப்படியல்ல. கீழே கடைக்கு இடம் வேண்டித் தூணை வெட்டிய கட்டடங்களும் உண்டு. கூடைப் பாட்டியும் அஷூரேயும் இருக்கும் தெரு என்பதற்காக அத்தகைய வீட்டில் குழந்தைகளோடு குடியேறச் சொல்ல எனக்கு மனம் வராது.

வெளிநாட்டவர் செய்ய வேண்டிய முகவரிப் பதிவும் தேர்வைக் கட்டுப்படுத்தும். வெளிநாட்டவர் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டிய 1,169 மஹல்லேகளை (இங்கே நிர்வாகப் பிரிவு என்ற பொருளில்) 2022 ஜூலை முதல் புதிய வெளிநாட்டவர் பதிவுக்கு அரசு மூடியது. இந்தப் பட்டியல் மாறக்கூடியது என்பதால், முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா என்று குடியேற்ற அலுவலகத்தில் உறுதிசெய்ய வேண்டும். சில வீட்டு முகவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்து, மொழி கற்கும் எண்ணமில்லாமல், நிறுவனமே வாடகை கட்டுகிறது என்றால் சித்தே போதும். இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்போர், குறிப்பாகப் பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்ப்போர், பழைய மஹல்லேயில் புதிதாக இடித்துக் கட்டிய கட்டடத்தைத் தேட வேண்டும். பேரிடர் ஆபத்துள்ள கட்டடங்களைப் புதுப்பிப்பதற்கான 2012ஆம் ஆண்டின் 6306ஆம் எண் சட்டத்துக்குப் பின், காடிக்கோய் மாவட்டத்தில் பாக்தாத் சாலையை ஒட்டிய கோஸ்தெப்பே, எரென்கோய் தெருக்களில் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பலவற்றில் கப்பிஜிக்குப் பதில் கேமராதான் இருக்கிறது, வாடகையும் கூடுதல். பக்காலும் வாரச்சந்தையும் தெய்ஸேக்களும் அதே தெருவில் இருப்பதால், ஓர் அறை குறைந்தாலும் நான் அந்த வீட்டையே எடுப்பேன்.