பி.டி.ஓ. தாளை நம்பி வாங்கிய ஹைட்ரோஸ்டேடிக் டிராக்டர்

பழைய ஹைட்ரோஸ்டேடிக் டிராக்டரை (எஞ்சின் ஒரு பம்பைச் சுற்ற, பம்ப் தள்ளும் ஆயில் ஒரு ஹைட்ராலிக் மோட்டாரைச் சுற்றி, அது சக்கரத்தை ஓட்டும் வகை) உழவுக்கென்று வாங்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த பிறகுதான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

விற்றவர் பழைய வண்டி வியாபாரி. காலையிலேயே வரச் சொன்னார். எஞ்சின் ஆறிக் கிடந்தது. ஸ்டார்ட் செய்து, கிளட்சைத் தொடாமல் ஒரே லீவரில் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். பிறகு பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் இயந்திரங்களைச் சுழற்றும் தண்டு) சோதனைத் தாளை நீட்டினார்: 60 குதிரைத்திறன். "எஞ்சின் கல்லு மாதிரி இருக்குண்ணே, இது இழுக்காதது எது இழுக்கும்?" என்றார். தாளில் இருந்த எண் உண்மைதான். ஆனால் அது இழுவையின் கணக்கே இல்லை. பி.டி.ஓ. தண்டுக்கு எஞ்சினிலிருந்து கியர் வழியாக நேராகச் சக்தி போகிறது. சக்கரத்துக்குப் போகும் சக்திதான் பம்பையும் ஹைட்ராலிக் மோட்டாரையும் கடந்தாக வேண்டும். இது வியாபாரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

வயலில் கலப்பையை இறக்கியதும் முதல் அரை மணி நேரம் குறையே இல்லை. ஒரு மணி நேரம் ஆனதும் மேட்டில் ஏறும்போது வண்டி நகர மறுத்தது. எஞ்சின் திணறவில்லை, சத்தம் மாறவில்லை, சக்கரம் மட்டும் நின்றுவிட்டது. அரை நாள் ஆறவிட்டு ஓட்டினால் மறுபடி இழுத்தது.

காரணத்தைப் பிறகு ஒரு நல்ல மெக்கானிக் விளக்கினார். நல்ல நிலையில் உள்ள பிஸ்டன் பம்பே ஏறக்குறைய 90 சதவீதம்தான் கடத்தும். மோட்டாரும் அப்படியே. ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் பெருக்க வேண்டும்: 81 சதவீதம். தேய்ந்துபோய் ஒவ்வொன்றும் 85 ஆனால் மொத்தம் 72. அதற்கப்புறம் பின் அச்சின் கியர்களும் தங்கள் பங்கை எடுக்கும். 60 குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு போனாலே 12 குதிரைத்திறன், அதாவது சுமார் 9 கிலோவாட் வெப்பம் ஆயிலில் இறங்குகிறது. சூடான ஆயில் இளகும், இளகினால் தேய்ந்த இடுக்குகளில் கசிவு கூடும், கசிவு கூடினால் இன்னும் சூடாகும். மெதுவாகப் போய்க் கனமாக இழுக்கும்போதுதான் நிலைமை மிக மோசம். அழுத்தம் ஏற ஏறக் கசிவு ஏறுகிறது, பம்ப் தள்ளும் ஆயிலோ குறைவு. உழவு என்பது அதே வேலைதான்.

ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே பித்தளை நிறத்தில் பொடி மின்னியது. பம்பின் உள்பாகம் அரைபட்டிருக்கிறது. இறக்கிய ஆயிலும் அந்த வண்டிக்கு உரிய ஹைட்ராலிக் ஆயில் இல்லை. கெட்டியான எஞ்சின் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். காலையில், ஆறிய வண்டியில், கசிவு தெரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகை டிராக்டரே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க டிராக்டர் நிறுவனமான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1967-இல் 656 மாடலில் இதைக் கொண்டுவந்தபோது விரும்பி வாங்கியவர்கள் இருந்தார்கள். வைக்கோல் கட்டும் இயந்திரத்தையும் லோடரையும் இயக்க இதைவிடச் சுகமான வண்டி இல்லை. பி.டி.ஓ. வேகம் மாறாமல் நடை வேகத்தை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். நாள் முழுக்கக் கலப்பை இழுக்கத்தான் கியர் வண்டி வேண்டும். டீசல் செலவிலும் வித்தியாசம் தெரியும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஒரு மணி நேரமாவது சுமையோடு ஓட்டிச் சூடாக்கிய பிறகு சோதியுங்கள். முன்னால் யாரும் இல்லாத வெளியில், உயர் வேக ரேஞ்சில், பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி லீவரை மெதுவாக முன்னே தள்ளுங்கள். சில நொடிகள் போதும். எஞ்சின் முனகித் திணறினால் பம்ப் அழுத்துகிறது. வண்டியும் நகராமல் எஞ்சினும் சாதாரணமாக ஓடினால் ஆயில் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபில்டரை உங்கள் கண்முன் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் ஆயில் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் வைத்துக் கசிவை அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனபோது, "பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். அவர் கொட்டகையில் இதே ரகத்தில் இன்னொரு டிராக்டர் நின்றிருந்தது. இருக்கையின் மேல் ஒரு பி.டி.ஓ. தாள் கிடந்தது.