விமானத்துக்குத் துணி மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால், பெயின்ட் அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். சின்ன விமானத்துக்குத் துணி மாற்றி, பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டரை லட்சம் ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறோம். விஷயம் வழக்காகியிருப்பதால் ஆள் பெயரையும் பட்டறைப் பெயரையும் போடவில்லை. அதே ஆள் இப்போது ஏரோநாட்டிக்கல் பாடம் நடத்தும் கல்லூரிகளுக்குப் போய், அங்கே நிற்கும் பழைய விமானங்களுக்கு விலை பேசுவதாகக் காதில் விழுந்தது. அதன் பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

விமானத்துக்குத் துணியா என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருப்பது புஷ்பக். பெங்களூர் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) செய்த இரண்டு பேர் உட்காரும் விமானம். 1958-ல் முதலில் பறந்தது. 90 குதிரைசக்தி கான்டினென்டல் எஞ்சின். நாடு முழுக்க ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே இதில்தான் பறக்கப் படித்தது. இதன் உடம்பு இரும்புக் குழாய்களை வெல்டு செய்த கூடு. அந்தக் கூட்டின் மேலும் இறக்கையின் மேலும் துணியைப் போர்த்தி, டோப் என்ற திரவத்தைப் பல கோட் பூசுவார்கள். டோப் காயக் காயத் துணி விறைக்கும், காற்றும் தண்ணீரும் புகாது. இறக்கையைத் தூக்கும் காற்றின் விசை முதலில் அந்தத் துணியில்தான் விழுகிறது, துணியிலிருந்துதான் ரிப்புகளுக்கு, அதாவது இறக்கைக்கு உருவம் கொடுக்கும் உள்சட்டங்களுக்குப் போகிறது. அதனால் துணி என்பது விமானத்துக்குப் போட்ட சட்டை இல்லை, அதன் தோல்.

நான் விமானப்படையில் 20 வருஷம் ஏர்ஃபிரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடம்பையும் இறக்கையையும் பழுது பார்ப்பவன். ஆனால் என் கைக்கு வந்ததெல்லாம் அலுமினியத் தகடும் ரிவெட்டும்தான். எங்களில் மூத்தவருக்கு 76 வயது. பெரியவர் என்றே கூப்பிடுவோம். அவர் ஒருவர்தான் இளவயதில் கிளைடருக்கு (எஞ்சின் இல்லாத விமானம்) துணி தைத்தவர். பதிவு நீங்கின இந்தப் புஷ்பக்கை ஏலத்தில் எடுத்து, சிவந்திபட்டி ரோட்டில் ஒரு ஷெட் பிடித்து நிறுத்தினோம். பறக்க வைக்கும் எண்ணம் இல்லை. எஞ்சினை ஓட்டி, சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷெட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இது வால் சக்கர விமானம், நிற்கும்போதே வால் தாழ்ந்திருக்கும். அதனால் வால் பகுதி முழுவதும் இரண்டு நாள் வெள்ளத்தில் ஊறியது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், அடித்துணி பூசணம் பிடித்து, விரலை வைத்தால் உள்ளே போனது. இறக்கைத் துணியும் பழசுதான். மொத்தமாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக இந்த ஆள் வந்தார். நல்ல பேச்சு, பணிவு. பெங்களூரில் பெரிய இடத்தில் இதே வேலை பார்த்ததாகச் சொன்னார். செல்போனில் பளபளவென்று சில விமானப் படங்களைக் காட்டினார். அத்தனையும் வேலை முடிந்த படங்கள். வேலை நடக்கும்போது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வெளிநாட்டுப் பாலியஸ்டர் விமானத் துணி, கூட்டைச் சுரண்டித் துருநீக்கி எபாக்ஸி பிரைமர், டோப், பெயின்ட் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து எண்பதாயிரம் என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். முன்பணம் இரண்டரை லட்சம். பொருளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார், நம்பினோம். அதில் ஒருவர் போட்டது பேத்தி காதுகுத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம்.

அவர் பையன்கள் சாமான் இறக்கிய அன்றே பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீள ஊசி கொண்டாந்திருக்கானுவளான்னு கேளும்" என்றார். ஒரு முழத்துக்குக் குறையாத ஊசியை இறக்கையின் மேலிருந்து கீழே குத்தி, கீழிருந்து மேலே வாங்கி, மெழுகு நூலால் ஒவ்வொரு ரிப்போடும் துணியைக் கட்டி முடிச்சுப் போட வேண்டும். பழைய துணியில் அந்த முடிச்சுகள் வரிசையாகத் தெரிந்தன. சில விமானங்களில் தையலுக்குப் பதில் திருகோ கிளிப்போ இருக்கும். எதுவானாலும் முதலில் எப்படிப் பிடித்திருந்ததோ அதே மாதிரிதான் திரும்பவும் பிடிக்க வேண்டும்.

நான் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, இப்பல்லாம் யாரு தைக்கா? எல்லாம் ஃபாரின் பசை. ஒட்டிட்டா ஆயுசுக்கும் வராது." நானும் சரி, காலம் மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பெரியவர் அப்புறம் ஷெட் பக்கமே வரவில்லை. அவர் பேச்சைக் கேட்காமல் போனது இன்றைக்கும் எனக்குப் பாரமாகத்தான் இருக்கிறது.

வேலை நடந்தது 2024 ஐப்பசியில். அடைமழை. ஷெட்டில் ஈரம் சொட்டும் நாளில் கம்ப்ரசரை ஓட்டி ஸ்ப்ரே அடித்தார்கள். டோப்பில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது துணியின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது அங்கேயே படிந்து, பூச்சு சுண்ணாம்புபோல வெளுத்துப்போகும். அப்படி வெளுத்த பூச்சுக்கு வலு கிடையாது. தெரிந்தவன் அன்றைக்கு வேலையை நிறுத்துவான், இல்லையென்றால் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பான். இவர்கள் வெளுப்பின் மேலேயே அடுத்த கோட் அடித்தார்கள். டின்களில் லேபிள் சுரண்டியிருந்தது. கேட்டதற்கு, கஸ்டம்ஸில் அப்படித்தான் வரும் என்று பதில். அந்த வகைப் பூச்சு பெட்ரோல் மாதிரி பிடித்துக்கொள்ளும். அதன் பக்கத்திலேயே ஒரு பையன் பீடி பற்றவைத்ததைப் பார்த்து நான்தான் சத்தம் போட்டேன்.

கார்த்திகையில் வேலை முடிந்தது. வெள்ளையும் நீலமுமாகக் கண்ணாடி மாதிரி மின்னியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். மீதிப் பணத்தை எஞ்சினை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று நிறுத்தி வைத்தோம். அது ஒன்றுதான் நாங்கள் சரியாகச் செய்தது.

தை மாதம் ஒரு காலை, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றால் கட்டி, எஞ்சினைக் கிளப்பினோம். மெதுவாக ஓடும்வரை ஒன்றுமில்லை. முழு வேகம் கொடுத்ததும், புரொப்பல்லர் காற்று படும் இடத்தில், உடம்பை ஒட்டிய இறக்கையின் மேல்துணி எண்ணெய்ச் சட்டியில் பூரி எழும்புகிற மாதிரி எழும்பியது. ரிப்பிலிருந்து பசை பிய்கிற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. உடனே நிறுத்திவிட்டோம். அந்தப் பகுதியில் காற்றின் வேகம் அதிகம் என்பதால்தான் அங்கே மட்டும் தையலை இன்னும் நெருக்கமாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் இறக்கையில் ஒரு தையல்கூட இல்லை.

அன்று ராத்திரி பெரியவர் வந்தார். ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, இறக்கையின் ஓட்டை வழியாக ஒரு டார்ச்சை உள்ளே விட்டார். இறக்கை முழுவதும் காகித விளக்குபோல ஒளிர்ந்தது. நிறப் பூச்சுக்கு அடியில் அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு இருக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் துணியைத் தின்னாமல் காப்பது அதுதான். அது சரியாக இருந்தால் வெளிச்சம் வெளியே தெரியாது. பெரியவர் துணியை விரலால் தட்டிப் பார்த்தார். ஈர அட்டையைத் தட்டிய மாதிரி பொத் என்றது. "கொடையில தீயில காய்ச்சின மகுடம் மாதிரி கிண்ணுனு கேக்கணும்லா" என்று மட்டும் சொன்னார். மகுடம் என்றது கோயில் கொடையில் அடிக்கும் தோல் மேளத்தை. அவர் தட்டிய இடத்தில் பெயின்ட் வட்டவட்டமாக, படர்தாமரை மாதிரி வெடித்திருந்தது. வளைந்து கொடுக்காத கார் பெயின்டைத் துணியில் அடித்தால் அப்படித்தான் வெடிக்கும்.

மறுநாள் வாலின் அடித்துணியைக் கத்தியால் கீறினேன். உள்ளேயிருந்து காய்ந்த வண்டல் பாளம் பாளமாக விழுந்தது. கூடவே இரண்டு நத்தை ஓடு. டிசம்பர் வெள்ளத்தில் வந்த மண், அப்படியே. கூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்ய முப்பத்தைந்தாயிரம் என்று எழுதி வாங்கிய ஆள், மண்ணைக்கூடத் தட்டாமல் மேலே துணியைப் போர்த்தியிருக்கிறார். கீழ்க் குழாயில் துருவின் மேலேயே பிரைமர் தெளித்திருந்தது. நகத்தால் தட்டினால் செதிலாக வந்தது. தண்ணீர் வடிவதற்கு அடித்துணியில் வளையம் வைத்த சின்ன ஓட்டைகள் போட வேண்டும், அதுவும் இல்லை. உள்ளே போகிற தண்ணீர் வெளியேற வழியே இல்லை.

துணி என்ன துணி? விமானத்துக்கென்று வரும் பாலியஸ்டரின் ஓரத்தில் தயாரித்தவர் பெயரும் அனுமதி முத்திரையும் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். இதில் எதுவும் இல்லை. ஒரு துண்டைக் கொளுத்தினோம். பாதி உருகி மணியானது, பாதி சாம்பலானது. அதாவது பருத்தி கலந்த சட்டைத் துணி. உண்மையான பாலியஸ்டரை வெப்பமானி வைத்துச் சரிபார்த்த இஸ்திரிப் பெட்டியால் 120 டிகிரி செல்சியஸில் தொடங்கி 175 வரை ஏற்றிச் சுருக்குவார்கள். அதற்கு மேல் போனால் விறைப்பு போய்விடும். கலப்புத் துணி இப்படிச் சுருங்காது. அதனால்தான் மழைக்குத் தொங்கியது.

இன்னொன்றும் செய்தோம். பருத்தித் துணி போர்த்திய காலத்திலிருந்து ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குல அகலப் பட்டை, புதிதில் 80 பவுண்டு தாங்க வேண்டும். 56 பவுண்டுக்குக் கீழே போனால் அந்தத் துணியைக் கழற்றிவிட வேண்டும். 56 பவுண்டு என்பது கிட்டத்தட்ட ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பம். எங்கள் துணியில் ஓர் அங்குலப் பட்டை வெட்டி வாளியைக் கட்டி மணல் போட்டோம். 16 கிலோவில் கிழிந்தது. இரண்டு மாதம்கூட ஆகாத துணி.

பூச்சு எதுவென்று பிறகுதான் தெரிந்தது. வேலை பார்த்த பையன்களில் ஒருவன் மனசு கேளாமல் போனில் சொன்னான், மரச்சாமானுக்கு அடிக்கும் என்.சி. லேக்கராம். இங்கேயே கடையில் வாங்கியிருக்கிறார்கள். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கும் சம்பளப் பாக்கி வைத்திருக்கிறார்.

நன்றாக யோசித்துப் பார்த்தால், இந்த ஆள் எங்களைப் போன்றவர்களாகத் தேடித்தான் வருகிறார். பறக்கிற விமானமாக இருந்தால் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசுத் துறையான டி.ஜி.சி.ஏ.வின் லைசென்ஸ் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்துப் போடாமல் அது கிளம்ப முடியாது. துணிக்கும் டோப்புக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பெயின்ட் மாற்றினால் ஏலரான், எலிவேட்டர், ரட்டர் ஆகிய, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும் பாகங்களின் எடைச் சமநிலையைத் திரும்பப் பார்ப்பார்கள், ஏனென்றால் பின் ஓரத்தில் எடை கூடினால் பறக்கும்போது அவை நடுங்கிப் பிய்ந்துபோகலாம். நிற்கிற விமானத்துக்கு இந்தக் கேள்வி எதுவும் இல்லை, யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். ஆனால் ஓடும் எஞ்சினுக்குப் பின்னால் நாங்கள் பிள்ளைகளை உட்கார வைக்க இருந்தோம். அப்போது துணி பிய்ந்து கிழிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

ஆகவே, இந்த வேலையைக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதில் ஒன்றையும் விடாதீர்கள். துணி போர்த்தும் முன் கூட்டை நீங்களே கைவிளக்கு வைத்துப் பாருங்கள். வெள்ளிப் பூச்சுக்கு முன் தையலையும் அதன் மேல் ஒட்டும் நாடாவையும் பாருங்கள். நிறம் அடிக்கும் முன் டார்ச்சை உள்ளே விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து, அந்தக் கட்டத்துக்கான பணத்தை மட்டும் கொடுங்கள். நிறம் ஏறிவிட்டால் அடியில் இருப்பது எதுவும் வெளியே தெரியாது. டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். எங்களிடம் இருந்தது யு.பி.ஐ. ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அந்த லெட்டர்பேடும்தான். வக்கீல் நோட்டீஸ், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். துணியைக் கிழித்து எறிவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.

இப்போது விமானம் வெறும் கூடாக நிற்கிறது. குழாய்களை நாங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பிரைமர் அடித்துவிட்டோம். முத்திரை உள்ள துணி வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை, அது சேரும்வரை காத்திருப்போம். பெரியவர் ஒரு நீள ஊசியைப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கி வந்து, பழைய சாக்கை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி எனக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தருகிறார். அந்தச் சட்டைத் துணியில் ஒரு முழம் வெட்டி வைத்திருக்கிறேன். நம் பக்கம் யாரிடமாவது இந்த வேலைக்குப் பேச்சு நடந்தால், பணம் கொடுப்பதற்கு முன் ஷெட்டுக்கு வாருங்கள். அவர் காட்டும் துணியையும் கொண்டுவாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.