ஆறு மாதப் பணம் கட்டுவதற்கு முன் டேப் பிடித்து அளந்து பாருங்கள்

கோயம்புத்தூரில் பிக்கிள்பால் (சிறு மட்டையால், துளைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் ஆட்டம்) ஆட இடம் தேடுகிறவர்கள், அதிலும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 30,000 ரூபாயை இழந்திருக்கிறோம். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் அக்காவின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 57 வயது. பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தபோது அந்த அடுக்ககத்தில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். கோர்ட் சின்னது, சர்வீஸ் இடுப்புக்குக் கீழேயிருந்து போடுவது, 11 புள்ளியில் ஆட்டம் முடிந்துவிடும். முழங்கால் வலியோடு நடைப்பயிற்சி மட்டுமே போய்க்கொண்டிருந்தவர் அங்கே ஒரு வருடம் ஆடிவிட்டு, ஊர் திரும்பிய மறுநாளே "தம்பி, இங்கே எங்கே ஆடலாம்?" என்று கேட்டார்.

வலை சூழ்ந்த சிறு இடத்தில் ஆடும் பாக்ஸ் கிரிக்கெட்டுக்குத் திடல் வைத்திருந்தவர்களில் பலர் இப்போது பிக்கிள்பால் பலகையும் மாட்டிவிட்டார்கள். கைப்பேசி வரைபடத்தில் தேடியபோது, அவிநாசி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் ஓர் இடம் கண்ணில் பட்டது. படங்களில் நீலத் தரை, மேலே கூரை, பளிச்சென்ற வலை. அழைத்தால் அவ்வளவு பணிவு. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' சேர்த்துப் பேசுகிறவரை நம்பிவிடுவது நம் ஊர்க்காரர்களின் இயல்பு. இரவு எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தோம். விளக்கு வெளிச்சத்தில் தரை புதிதாகத் தெரிந்தது. கூரை அடுத்த வாரம் வந்துவிடும் என்றார். ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய். ஐந்து மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் ஆறு மாதம் ஆடலாம், காலை ஆறு முதல் ஏழு வரை கோர்ட் எங்களுக்கே என்றார். யுபிஐயில் அனுப்பினோம். பணம் போனது திடலின் பெயருக்கு அல்ல, ஒரு தனிநபரின் பெயருக்கு. ரசீது கேட்டதற்கு, "நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன் அண்ணா." அந்த நாளை இன்றுவரை வரவில்லை.

முதல் நாள் காலை வெளிச்சத்தில்தான் தரையைப் பார்த்தேன். வெற்றிலை அளவுக்கு ஒரு நீலச் செதில் உரிந்து என் ஷூவின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே பழைய சிமெண்டும், அதில் ஒரு வெள்ளைக் கோடும் இருந்தன. சொரசொரப்பான அக்ரிலிக் பூச்சு என்று சொல்லி விற்றது, சிமெண்டின் மேல் அடித்த சாதாரண பெயிண்ட்.

எனக்கு இங்கே கணபதி பகுதியில் லேத் பட்டறை. டேப் எப்போதும் வண்டியில் இருக்கும். எடுத்து அளந்தேன். பிக்கிள்பால் கோர்ட்டும் பேட்மிண்டன் இரட்டையர் கோர்ட்டும் ஒரே அளவு, 20 அடி அகலம், 44 அடி நீளம். ஏமாற்றுவதற்கு வசதி அதுதான். ஆனால் பிக்கிள்பாலில் 'கிச்சன்' எனப்படும், வலையை ஒட்டிய பகுதியின் கோடு வலையிலிருந்து 7 அடியில் இருக்க வேண்டும். பேட்மிண்டனின் முன் சர்வீஸ் கோடு ஆறரை அடியில் இருக்கும். இங்கே சரியாக ஆறரை அடி. பழைய பேட்மிண்டன் கோட்டின் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கிச்சனுக்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடித்தால் தவறு என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிரே. அந்த அரை அடியில் ஆட்டமே மாறிவிடும். வலை ஓரங்களில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் இருக்க வேண்டும். இவர்கள் பேட்மிண்டன் கம்பத்தில் கயிற்றைத் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். நடுவில் தொய்ந்து 30 அங்குலம். சுற்றிலும் இடம் விட்டு 30 அடிக்கு 60 அடியாவது வேண்டும், அதாவது கடைசிக் கோட்டுக்குப் பின்னால் 8 அடி. இங்கே மூன்றே அடியில் கம்பி வலை நின்றது.

அப்போதே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். வந்துவிட்டோமே, சரிசெய்துவிடுவார்கள் என்று ஆடினோம். கூரை வரவில்லை, ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மியே பறக்கும் என்கிற காற்றில் 25 கிராம் பந்து என்ன செய்யும்? அதிலும் உள்ளரங்கில் ஆடுகிற 26 துளைப் பந்தைக் கொடுத்தார்கள். வெளியில் ஆட, சிறு துளைகளாக 40 துளை உள்ள பந்து வேண்டும். காலை ஆறு முதல் ஏழு வரையிலான எங்கள் நேரத்தை இன்னொரு குழுவுக்கும் விற்றிருந்தார்கள் என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. அவர்களும் எங்களைப் போலவே முன்பணம் கட்டியவர்கள்.

அன்று விடியற்காலையில் லேசான சாரல். தரை காய்ந்துவிட்டது என்று அங்கிருந்த பையன் சொன்னான். தலைக்கு மேல் போன பந்துக்காக அக்கா இரண்டு அடி பின்னால் வைத்தார். பெயிண்ட் வழுக்கியது. கையை ஊன்றி விழுந்தார். முதலுதவிப் பெட்டி கேட்டேன், இல்லை. துண்டால் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டுக் கட்டி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ஆறு வாரம் மாவுக்கட்டு.

உரிமையாளர் ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை. மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, "பணம் திருப்பித் தரப்படாது" என்று ஒரு வரி வந்தது. மறுநாள் எங்கள் நால்வரையும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

நான் விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். ரசீது தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். புகார் பதிந்த பிறகு அவர்களே அழைத்து, பணத்துக்குப் பதிலாக இன்னும் மூன்று மாதம் ஆடிக்கொள்ளலாம் என்றார்கள். அந்தத் தரையிலா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் பகலில் போங்கள், நீங்கள் ஆடப்போகும் அதே நேரத்தில் போங்கள். தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, காலால் தேய்த்துப் பாருங்கள். கிச்சன் கோட்டை அளந்து பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. முதலில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பணம் கொடுத்து ஆடுங்கள். பெயர், தேதி, நேரம் போட்ட ரசீது கையில் வராமல் மாதக்கணக்கில் கட்டாதீர்கள்.

அதே இடத்தில் கட்டியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். யுபிஐ பரிமாற்ற எண்ணையும், அந்தக் குழுவில் வந்த செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து மனுப் போட விருப்பமிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அடுத்த வாரம் மனுவைத் தாக்கல் செய்கிறேன்.