தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க ஒரு டாக்குமென்ட் கேமரா: எட்டு மாத அனுபவம்

பெங்களூரு அல்சூரில் சனி, ஞாயிறு காலையில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 7 வயது முதல் 12 வயது வரை 18 பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிப்பார்கள், தமிழ் எழுத்து மட்டும் என்னிடம். எட்டு மாதம் முன்பு எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, 6,800 ரூபாய்க்கு ஒரு டாக்குமென்ட் கேமரா வாங்கினேன். மேசை விளக்கு மாதிரி மடங்கும் கழுத்து, நுனியில் கேமரா. யூ.எஸ்.பி. ஒயரை லேப்டாப்பில் செருகினால் கீழே இருக்கிற தாளும் எழுதுகிற கையும் புரொஜெக்டர் திரையில் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். எழுத்து சொல்லிக்கொடுக்க நான் பயன்படுத்தியதிலேயே உருப்படியான கருவி இதுதான்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் பாடம் எடுத்தபோது அங்கே சுவர் அளவுக்கு ஒரு டச் பேனல் இருந்தது. படம் காட்ட, பாட்டு போட, கதை கேட்க வைக்க அருமையான சாதனம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு வந்த எழுதும் செயலியில் 'கெ' என்று அடித்தால் முதலில் க, பக்கத்தில் புள்ளி வட்டம், அதோடு ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கொம்பு. ஒரு பெண் எழுந்து, "மிஸ், அந்த வட்டம் என்ன எழுத்து?" என்று கேட்டாள். 247 எழுத்தில் இல்லாத ஒன்றைத் திரையில் காட்டிவிட்டு 'அதைப் பார்க்காதே' என்று சொல்ல வேண்டியிருந்தது. விற்றவரைக் கூப்பிட்டுச் சொன்னேன், அடுத்த அப்டேட்டில் வரும் என்றார், இரண்டு பருவம் போனது, வரவில்லை.

காரணத்தை அப்புறம்தான் தேடித் தெரிந்துகொண்டேன். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் க முதலில், கொம்பு போன்ற உயிர்க்குறி பின்னால் என்றுதான் எழுத்து சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது செயலியின் வேலை, அந்த வேலை தெரியாத செயலியில் எழுத்து உடைந்து நிற்கும். அதே பேனலில் பிரவுசரைத் திறந்தால் 'கெ' சரியாகத்தான் வந்தது. பேனல் வாங்கப் போகிற ஆசிரியர்கள் கடையிலேயே கெ, கொ, கௌ மூன்றையும் அதன் சொந்தச் செயலியில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த வரிசை விஷயம் பிள்ளைகளின் கையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் க தட்டி எ தட்டினால் கெ. போனில் அப்படியே பழகிய பையன் ஒருவன் நோட்டில் முதலில் க எழுதிவிட்டு, பிறகு இடது பக்கம் திரும்பி வந்து, இல்லாத இடத்தில் கொம்பை நெருக்கிப் போடுவான். 'மேகம்' என்ற சொல்லில் இரட்டைக் கொம்பு சிவப்புக் கோட்டைத் தாண்டி மார்ஜினுக்குள் நின்றது. எழுதி முடித்த எழுத்தைக் கரும்பலகையில் பார்க்கிற பிள்ளைக்குக் கை எங்கே தொடங்கியது என்று எப்படித் தெரியும்? நான் பலகையில் எழுதும்போது என் முதுகுதானே எழுத்தை மறைக்கிறது. கேமராவுக்குக் கீழே மெதுவாகக் கொம்பு போட்டு, பிறகு ம எழுதினேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே விரலால் டெஸ்க்கில் எழுதினான். மூன்றாவது வாரம் கொம்பு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன குழப்பமும் இப்படித்தான் குறைந்தது: நான் சுழிக்கச் சுழிக்க வகுப்பே சத்தமாக எண்ணும்.

இப்போது குறைகள். ஆட்டோஃபோகஸ் பெரிய தொல்லை, கை அசையும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். தாளை வைத்துத் தெளிந்ததும் ஃபோகஸைப் பூட்டிவிட வேண்டும், அந்த பட்டன் இல்லாத மாடலை வாங்காதீர்கள். முதல் நாள் திரையில் கறுப்புப் பட்டை பட்டையாக ஓடியது, கேமரா பழுதென்று திருப்பிக்கொடுக்கவே கிளம்பிவிட்டேன். செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தது, நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பட்டை விழுகிறது. 50-க்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. லேமினேஷன் செய்த அட்டை வைத்தால் வெளிச்சம் அடித்து ஒன்றும் தெரியாது. ஒயர் சின்னது, மேசையை லேப்டாப் பக்கத்திலேயே போட வேண்டும். மைக்கும் இருக்கிறது, அதை நம்ப வேண்டாம்.

போன மாதம் ஒரு பெண் அவள் பாட்டி எழுதிய பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். கேமராவில் வைத்தேன். 'உன்னை' என்ற சொல்லில் னை பழைய முறையில், யானைத் தும்பிக்கை போல முன்னால் ஒரு சுழியோடு இருந்தது. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடுவதற்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்கும் பெரும்பாலும் இப்படித்தான் அச்சில் வந்தன, பாட்டி கடைசிவரை கையை மாற்றிக்கொள்ளவில்லை. 18 பேரும் அந்த ஒரு வரியைத் திரையில் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். அந்தப் பெண் கடிதத்தை எடுத்து, மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை மூன்று பேர் வீட்டிலிருந்து பழைய கடிதம் கொண்டுவந்தார்கள்.