கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் கட்டணம் உண்டு: ஜெர்மனியா, பிரான்ஸா, ஆஸ்திரியாவா?

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பது பெரும்பாலும் உண்மைதான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆனால் எங்கே படித்தாலும் 'செமஸ்டர்பைட்ராக்' என்ற செமஸ்டர் கட்டணத்தைக் கட்டாமல் தப்ப முடியாது. கெடு தாண்டினால் அபராதம், அதையும் விட்டால் பெயர் நீக்கம்.

சில ஊர்களில் இது 300 யூரோவைத் தாண்டும். கேன்டீன், விடுதி நடத்தும் அமைப்புக்கு ஒரு பங்கு, மாணவர் சங்கத்துக்குச் சின்னப் பங்கு. பெரிய தொகையை விழுங்குவது பயணச் சீட்டுதான். 2024 கோடை செமஸ்டரில் நாடு முழுக்கச் செல்லும் சீட்டு வந்தபோது அதன் விலை மாதம் 29.40 யூரோ, ஆறு மாதத்துக்கு 176.40. அதிவிரைவு ரயில்களில் செல்லாது. இருந்தும் வார இறுதியில் ஊர் சுற்றுபவருக்குக் கொள்ளை மலிவு. வளாகத்துக்குப் பக்கத்திலேயே தங்கி சைக்கிளில் வருபவருக்கு? அவரும் கட்டித்தான் ஆக வேண்டும். எல்லோரும் கட்டுவதால்தான் விலை இவ்வளவு இறங்குகிறது. மியூனிக்கில் கட்டணம் 100 யூரோவுக்குள் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அங்கே சீட்டு அதில் சேராது, தனியாக வாங்க வேண்டும்.

கையில் காசில்லாதவர்களை ஜெர்மனி நடத்தும் விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சில பல்கலைக்கழகங்களில் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர ஒரு நிதி இருக்கிறது. ஆனால் மனு போட்டு, வங்கிக் கணக்கு விவரம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் காட்டிக் காத்திருக்க வேண்டும்.

பிரான்ஸ் இதில் தேவலை. அங்கே சி.வி.இ.சி. என்ற கட்டணம் 2018-இல் 90 யூரோவில் தொடங்கி, 2025-26-இல் 105 ஆகியிருக்கிறது. வருடத்துக்கு ஒரே முறைதான்; அதே வருடம் இரண்டாவது படிப்பில் சேர்ந்தாலும் மறுபடி கேட்க மாட்டார்கள். அரசு உதவித்தொகை பெறுபவர் முதலிலேயே கட்ட வேண்டியதில்லை. ஆனால் விலக்கு பெற்றவரும் இணையதளத்தில் போய்ச் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். அது இல்லாமல் பல்கலைக்கழகம் சேர்க்காது. உடல்நலம், விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளுக்கு இந்தப் பணம் போகிறது. பயணச் சீட்டு கிடையாது. பதிவுக் கட்டணமும் தனி.

ஆஸ்திரியாவில் மாணவர் சங்கக் கட்டணம் செமஸ்டருக்குச் சுமார் 25 யூரோ, விபத்துக் காப்பீடும் அதற்குள். மூன்றில் இதுதான் குறைவு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பொதுவாக 726.72 யூரோ கல்விக் கட்டணமும் உண்டு. அவர்களுக்கு அந்த 25 யூரோ ஒரு பேச்சே இல்லை.